பீலி போடாத வீட்டுப் பேச்சாளர்

விளக்குநர் என்றொரு இனம் உண்டு. சம்பளம் இல்லை, யாரும் நியமிக்கவும் இல்லை. ஆனாலும் எங்கே ஒரு புதுப் பொருளைச் சனம் வேடிக்கை பார்க்கிறதோ, அங்கே அதற்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

நம்ம முனீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணியாக்காரர். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் ஒரு மண்டபம் திறந்தார்கள்: கூரையில் சூரியத் தகடு, சுவரோரம் மழைநீர்த் தாங்கி, குசினிக் கழிவுநீரில் வளரும் வாழை. முதல் ஞாயிறு பார்வையாளராகப் போனார். அடுத்த ஞாயிறு காட்சிப் பொருள்களில் ஒன்றாகிவிட்டார். மண்டபத்துக்குப் பொறுப்பான நிருசா வாயைத் திறக்குமுன், "அதைவிட இப்பிடிச் சொன்னா விளங்கும்" என்று தொடங்குவார், வாழையைத் தடவுவார், தாங்கியைத் தட்டுவார், சனம் தலையாட்டினால் குரலை இன்னும் கொஞ்சம் ஏற்றுவார். நிருசா பாவம், கதிரையில் இருந்துவிடுவாள்.

வீட்டில்? அங்கேயும் தாங்கி இருக்கிறது. வாங்கிய நாள்முதல் கவிழ்ந்தபடி கிடக்கிறது, மேலே பூனை படுத்திருக்கிறது. கூரைத் தண்ணீரைத் தாங்கிக்குக் கொண்டுவரும் பீலி மட்டும் இல்லை. குழாயில் தண்ணீர் நின்றால் மனைவி நிப்லா வாளியோடு பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு நடப்பாள். பீலி போடச் சொன்னால் மூன்று மாரியாக ஒரே பதில்தான்: "அடுத்த மாரிக்குப் பார்ப்பம்." அவளுக்கு இடுப்பும் விட்டுப்போயிற்று, பொறுமையும் விட்டுப்போயிற்று.

ஒரு ஞாயிறு மண்டபத்தில் நல்ல கூட்டம். பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"தாங்கி இருந்தும் பீலி போடாத ஆக்களுக்கு என்ன சொல்லுறீங்க?"

"நல்ல கேள்வி," என்றார் முனீப், தாங்கியைத் தட்டியபடி. "சுத்தச் சோம்பேறிகள். அரை நாள் வேலை. பொம்புளையளத் தண்ணி சுமக்க விட்டுட்டு எப்பிடித்தான் சோறு இறங்குதோ."

சொல்லி முடித்துத்தான் திரும்பிப் பார்த்தார். நிப்லா.

"ஓம், எனக்கும் அதுதான் விளங்கல்ல," என்றாள் அவள். "நாளைக்கு எங்கட ஊட்டுல இவர் பீலி போடுறாராம். விருப்பமான ஆக்கள் வந்து பாருங்க."

நிருசா முதல் ஆளாகக் கையை உயர்த்தினாள்.

மறுநாள் முனீப் ஏணியில் ஏறினார். ஏறாமல் என்ன செய்வார்? அன்றைக்கே மழை. தாங்கி நிறைகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிப்லா குசினி வாசலிலேயே நின்றாள். அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு முனீப் பழைய இடத்தில்தான் நின்றார்.

"பீலியிட அருமைய ஊட்டுல உள்ளவங்களுக்கு விளங்கப்படுத்துறதுதான் கஷ்டம்," என்று கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "எனக்கே மூணு மாரி எடுத்தது."

சிரிக்கிறீர்கள். இதை யாருக்கு வாசித்துக் காட்டலாம் என்று ஆளும் தேடுகிறீர்கள். தாராளமாகப் போங்கள். போகுமுன், எத்தனையோ நாளாகச் சொட்டுகிற உங்கள் குளியலறைக் குழாயைக் கொஞ்சம் இறுக்கிவிட்டுப் போங்கள்.