ஒரே காலையில் நான் படித்த பல்கலைக்கழகம்

ஒரு பல்கலைக்கழகம் தொடங்கினால் மாணவர்கள் கடைசியாகத்தான் வருவார்கள். அவர்களுடைய போட்டோ முதலிலேயே வந்துவிட வேண்டும். அப்படி முந்திக்கொண்டு வந்த போட்டோ நான்தான்.

குன்றாண்டார்கோவில் பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருந்த முதலாளி ஒருவர் நர்சரிப் பள்ளியில் ஆரம்பித்து, பாலிடெக்னிக், என்ஜினீயரிங் என்று படிப்படியாக ஏறி, ஒருநாள் வேந்தர் ஆகிவிட்டார். ('வேந்தருக்கு ஒரு டீ' என்று சொல்லிப் பழக டீக்கடைக்காரருக்கு நாளாயிற்று.) அவருடைய ஆபீசில் வேலை பார்த்த என் தம்பி செல்வம் வீட்டுக்கு ஓடிவந்தான்.

"அக்கா, விளம்பரத்துக்கு ஸ்டூடண்ட் மாதிரி ஒரு ஆளு வேணும். செத்த வந்துட்டுப் போக்கா."

"ஏன்டா, என் மகளே மூணாங் கிளாஸ் படிக்கிறா."

"போட்டோவுல அதெல்லாம் தெரியாதுக்கா."

போனேன். கறுப்பு அங்கி மாட்டிச் சட்டம் படித்தேன். ஒயர் செருகாத கம்ப்யூட்டரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தேன். வேளாண்மைக்கு ஒரு கத்தரிச் செடியைக் கையில் கொடுத்தார்கள். "செடிய அப்படிப் புடிக்கக் கூடாதும்மா" என்று போட்டோகிராபர் திட்டினார். (காலையில்தான் கடலைக்காட்டில் களையெடுத்துவிட்டு வந்திருந்தேன்.)

கடைசியாக உயிரித் தொழில்நுட்பம். வாடகை வெள்ளைக் கோட்டு, மேசைமேல் மைக்ரோஸ்கோப். அங்கேதான் கெட்டது குடி.

பிளஸ் டூவில் உயிரியலில் பள்ளிக்கே நான்தான் முதல். காலேஜுக்கு அப்ளிகேஷன் வாங்கிய வாரமே கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்தக் கருவியைத் தொடுகிறேன். பள்ளியில் பார்த்த வெங்காயத் தோல் தெரியும் என்ற நினைப்பில் குனிந்தேன்; உள்ளே ஒன்றுமே வைக்கவில்லை. வெறும் வெளிச்சம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தம்பி பார்த்துவிடுவானே என்று இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து கிளிக்.

எடுத்த அத்தனை படத்திலும் அதைத்தான் வேந்தருக்குப் பிடித்ததாம். புதுக்கோட்டை ரோட்டில் பனைமர உயரத்துக்கு போர்டு வைத்தார்கள். மேலே 'அறிவுக் கண் திறக்க வாருங்கள்' என்ற எழுத்து. கீழே இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு நான்.

"என்னம்மா, ஆராய்ச்சி பண்ணிக்கிட்டே தூங்கிட்டீங்களா?" என்றார் பஸ் கண்டக்டர். மொத்த பஸ்ஸும் சிரித்தது. இறங்கவேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கி வெயிலில் நடந்தேன்.

போர்டைப் புயல் கொண்டுபோய்விட்டது. கேலி மட்டும் போகவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் கண்ணசந்தாலும், "சத்தம் போடாதீங்க, பயோடெக் படிக்கிறாக" என்பார் என் வீட்டுக்காரர். ஏன் கண்ணை மூடினாய் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

இந்த வருஷம் என் மகள் அங்கேயே அதே படிப்பில் சேர்ந்திருக்கிறாள். முதல் லேப் அன்று போன் செய்தாள்.

"அம்மா, மைக்ரோஸ்கோப்புல ஒரு கண்ண மூடணுமா, ஒன்னய மாதிரி ரெண்டையுமா?"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அவள் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

"ரெண்டையும் நல்லாத் தொறந்து வச்சுப் பாரு தாயி" என்றேன்.

அதையும் ஜோக் என்று நினைத்து அவள் மறுபடியும் சிரித்தாள்.