கதவைச் சாத்தும் கம்பீரம்

காலையில் வார்த்த சோப்பெல்லாம் வெளிறிப்போய் வந்திருந்தது. லாரி வாசலில் நின்றது. சாயங்காலத்துக்குள் நல்ல சரக்குப் போகாவிட்டால் மேலாளர் நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைப்பதாக முதலாளி சொல்லிவிட்டார்.

அந்த நாற்காலிக்கு மருமகள் புதிது. முப்பது வருடம் அதில் இருந்தவர் அவளுடைய மாமனார். கறைபடாத பெயர். மாமியாரோ தொழிற்சாலைப் படியை ஒருநாளும் மிதித்ததில்லை. அது அந்தக் குடும்பத்து மரியாதை.

மருமகள் ஒரு கட்டியை உடைத்துப் பார்த்தாள். "உருக்கி மறுபடி வார்த்துடுங்க," என்றாள்.

மேஸ்திரிக்கு முகம் சுருங்கிவிட்டது. பொம்பளைக்கு இவ்வளவு அவசரம் ஆகாது என்று சோப்பு காய்ச்சும் கொப்பரைப் பக்கம் போய்ச் சொன்னார். கொப்பரையை யாரும் பற்றவைக்கவில்லை.

சரி, கலந்து பேசுவோம் என்று அவரையே கூப்பிட்டு யோசனை கேட்டாள். சொந்தமாக முடிவெடுக்கத் தெரியாதவள் என்ற பேச்சு, அவர் வெளியே வந்த சூட்டோடு பொட்டலம் கட்டும் இடம்வரை போய்விட்டது.

மாமனாரின் வழி நினைவுக்கு வந்தது. எந்தச் சிக்கலானாலும் அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே வரும்போது முடிவோடு வருவார். அவளும் சாத்தப் போனாள்.

அறை வாசலில் இருந்த டெலிபோன் ஆபரேட்டர் அம்மா, "லைன் வேணுமா மேடம்?" என்று கேட்டார். வேண்டாம் என்றதும் அவருக்கு ஆச்சரியம்.

"உள்ள உக்காந்து அழறாங்க போல," என்றார் மேஸ்திரி, மிகுந்த இரக்கத்தோடு. ஆறுதல் சொல்ல இரண்டு பேர் வந்து கதவைத் தட்டினார்கள்.

செய்தி வீட்டுக்குப் போயிற்று. குடும்பத்தின் பெயர் சந்தி சிரிக்கப் பொறுப்பாரா மாமனார்? இஸ்திரி கலையாத சட்டையில் வந்து இறங்கினார்.

"நீ வெளிய இரும்மா. எப்படின்னு பாத்துக்கோ."

சோப்பைக் கையில் வாங்கினார். ஓர் அதட்டல் இல்லை, பதற்றம் இல்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தொழிற்சாலையே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது.

மேஸ்திரி குரலைத் தாழ்த்தினார். "பாத்தீங்களா மேடம்? இதுக்குப் பேருதான் நிதானம்."

அப்போது ஆபரேட்டர் அம்மா காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தார்.

"மேடம், ஐயா வழக்கம்போல வீட்டுக்குத்தான் போன் போட்டாரு. 'முப்பது வருஷமா நான் சொல்லிட்டேன், இனிமே மருமகளையே கேளுங்க'ன்னு உங்க மாமியார் போனை வெச்சுட்டாங்க."