யூவி பதினொண்ணுதான்!

அரைகுறையாகத் தெரிந்தவர்களின் குரல்தான் எப்போதும் கணீரென்று இருக்கும். இருபத்து நாலு வயதில் எனக்கு அப்படியொரு குரல்.

அப்பாவுக்கு மத்திய அரசு வேலை. மாற்றலாகி வந்து கல்கத்தாவில், பாலிகஞ்சில் குடியிருந்தோம். இரண்டாயிரத்துச் சொச்சம், சித்திரை மாதம். என்னை நிச்சயம் செய்ய மாப்பிள்ளை ரகுவும் அவர் அம்மாவும் திருச்சியிலிருந்து வந்திருந்தார்கள். மறுநாள் நிச்சயதார்த்தம். "ஊரைச் சுத்திக் காட்டேன்" என்று அப்பா சொல்ல, இருவரையும் ஹூக்ளி ஆற்றில் படகுச் சவாரிக்கு அழைத்துப் போனேன். உச்சிவேளை, கூரையில்லாத படகு. ஆனால் வானம் மூட்டமாக இருந்தது, காற்று வேறு.

ரகு பையிலிருந்து தொப்பியை எடுத்தார். "போட்டுக்கவா? இங்க வெயில் எப்படி?"

(பேசாமல் தலையாட்டியிருக்கலாம். மாட்டேனே!)

"வெயிலா? பேப்பர்லயே போட்டிருக்கான், வெயிலோட யூவி கதிர் அளவு இன்னைக்குப் பதினொண்ணுதான். நூத்துக்குப் பதினொண்ணு! ஃபெயில் மார்க்குங்க."

தொப்பி பைக்குள் போய்விட்டது. அவர் அம்மா மட்டும் குடையை விரித்தார்.

"மேகமாத்தானே இருக்கு, அத்தை?"

"இருக்கட்டும்மா. எனக்குப் பேப்பர் படிக்கிற பழக்கமில்ல."

நீண்ட சவாரி. கரையில் தெரிந்த கட்டடங்களுக்கெல்லாம் வரலாறு சொன்னேன். (பாதி அப்போதே தயாரித்தது.)

மாலைக்குள் ரகுவின் நெற்றி, மூக்கு, கன்னமெல்லாம் கன்றிச் சிவந்துவிட்டன. தெருமுனை டாக்டரிடம் ஓடினோம்.

"யூவி எவ்வளவுன்னு பாத்துட்டுத்தான் போனோம் டாக்டர். பதினொண்ணுதான்" என்றார் ரகு, எனக்காக ஆங்கிலத்தில் வாதாடி.

டாக்டரின் பேனா நின்றது. "ஆரே பாபா! அது தோலைச் சுடும் கதிர்களின் அளவு, நூற்றுக்கு இல்லை. பதினொன்று என்றாலே உச்சம். மேகம் அதை முழுசாகத் தடுக்காது. தண்ணீர் வேறு திருப்பி அடிக்கும். 'தான்' என்று உங்களுக்குச் சொன்னது யார்?"

நான் சுவரிலிருந்த காலண்டரை மும்முரமாகப் படித்தேன்.

"நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்" என்றார் ரகு.

மறுநாள் நிச்சயதார்த்தத்தில், முகம் முழுக்க டாக்டர் கொடுத்த இளஞ்சிவப்பு லோஷனுடன் உட்கார்ந்திருந்தார். சிரித்தால் எரியுமென்று சிரிக்கவுமில்லை. அந்தப் போட்டோ சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

ஆவணியில் திருச்சியில் கல்யாணம். தோல் உரிந்து ஆறி, பழைய முகத்தோடு, வாய்நிறையச் சிரித்துக்கொண்டு ரகு மணவறையில் இருந்தார். என் சித்தி அவரையே உற்றுப் பார்த்துவிட்டு என் காதில் பதறினாள்:

"ஏண்டி, போட்டோல இருந்த பையன் என்ன ஆனான்?"

இது எப்படியோ ரகுவின் காதுக்குப் போய்விட்டது. இன்றைக்கும் வீட்டில் நான் குரலை உயர்த்தினால், அவர் நிதானமாகச் சொல்வார்:

"நீ பேசாம அந்தப் போட்டோல இருந்த பையனையே கட்டியிருக்கலாம்."