ரைன் வத்தட்டும்

மலிவா ஒரு ஆத்துக் கப்பல் புடிச்சு என் பொண்டாட்டி ஸ்வென்யாவ கூட்டிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணேன். அதுல போகவே கூடாதுன்னும் முடிவு பண்ணேன். ரெண்டும் ஒரே காப்பிய குடிச்சு முடிக்கிறதுக்குள்ள எடுத்த முடிவு.

காரணம் ஒரு பைக். பக்கத்து வீட்டு வெண்டலின் கிழவரோட ஷெட்டுல தார்ப்பாய் போத்திட்டு தூங்குது. நல்ல ஆள் வந்தா வித்துடுவேன்னு சொல்லியிருந்தார். எங்க வீட்டு சேமிப்புல ஒரு கப்பல் பயணம் அடங்கும், இல்ல ஒரு பைக் அடங்கும். ரெண்டும் அடங்காது. ஸ்வென்யாவுக்கு கல்யாணத்துக்கு முன்னாடியிலிருந்தே கப்பல் பைத்தியம். எனக்கு அந்தத் தார்ப்பாய் பைத்தியம்.

நாங்க இருக்கிறது ஜெர்மனியில கவுப்ங்கிற சின்ன ஊர்ல, ரைன் ஆத்துக் கரையில. இங்க காலையில எந்திரிச்சதும் ஆத்துல தண்ணி எவ்ளோன்னு பாத்துட்டுதான் பல்லே வெளக்குவாங்க. தண்ணி எறங்கினா பெரிய கப்பல் நின்னுடும். பயணம் ரத்து. பணம் வாபஸ். அப்புறம் நான், பைக், காத்து.

தண்ணி ரொம்ப எறங்குறது கோடை முடிஞ்ச கையோடதான். அதனால அக்டோபரா பாத்துப் புடிச்சேன்.

"இருக்கிறதுலயே இதான் மலிவு"ன்னேன்.

"ஏன் மலிவு?"

"கூட்டம் இருக்காது."

"தண்ணி?"

"ரைன்ல தண்ணி இல்லாம பீரா ஓடும்?"

"ரூம் எங்க?"

"அடித்தட்டு. ஜன்னலுக்குப் பக்கத்துலயே மீன் பாக்கலாம்."

"ஜன்னல் தெறக்குமா?"

"தெறந்தா மீன் உள்ள வந்துடும்ல."

சரின்னுட்டா. அங்கதான் எனக்கு ஒதைச்சுது. பாலாடைக்கட்டி வாங்கவே கடைக்காரனை அழ வைக்கிறவ. கப்பலுக்கு மட்டும் ஏன் உடனே சரி?

அந்த வருஷம் கோடை என் கட்சி. மழையே இல்ல. தெனமும் கரைக்குப் போனேன். ஸ்வென்யாவும் ரொட்டி, சாசேஜ் எடுத்துட்டு கூடவே வந்தா.

"இன்னிக்கு எப்படி?"

"இன்னும் எறங்கிருச்சு." மொகத்த சோகமா வச்சுக்கிட்டேன்.

"அப்படியா"ன்னு சாசேஜ கடிச்சா. கண்ணுல சந்தோஷம்.

"கப்பல் தரை தட்டிடும். உனக்குக் கவலை இல்லையா?"

"நீதானே செலக்ட் பண்ண. நீ பாத்துப்ப."

ஒருநாள் மேகம் கூடுச்சு. அவ ஜன்னல பட்டுனு சாத்தி, "இந்த மழைக்கு வேற ஊரே கெடைக்கலியா?"ன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அது நான் பேச வேண்டிய வசனம். கப்பல்ல போக ஆசப்படுறவ மழைய ஏன் திட்டணும்? அன்னிக்கு ராத்திரி பூரா இதே யோசனை.

காலையில வழக்கம்போல பைக்க தடவிக்கிட்டே வெண்டலின்கிட்ட இதையே கேட்டேன்.

"எனக்கென்ன தம்பி தெரியும்? ஊரே மழைக்கு ஏங்குது, நீ மட்டும் ஏன் இளிச்சிக்கிட்டுத் திரியிறன்னே எனக்குப் புரியல"ன்னார்.

செப்டம்பர்ல ஆத்துக்கு நடுவுல பாறை மேல நிக்கிற பழைய கோட்டைக்கு ஜனங்க செருப்பு நனையாம நடந்து போனாங்க. ஒருநாள் நான் வேலை முடிஞ்சு வந்ததும் ஸ்வென்யா சொன்னா: "கம்பெனிலேர்ந்து போன். ரத்தாம்."

நாற்காலியில விழுந்தேன். நல்லா விழுந்தேன், ஒத்திகை பாத்து வச்சிருந்தேன். "என்ன பண்றது, விதி. பணம் வந்தா வேற ஏதாவது உருப்படியா..."

"பணம் எதுக்கு? மோசல் ஆத்துல எடம் கேட்டு வாங்கிட்டேன்."

"அங்க மட்டும் தண்ணி வாழுதா?"

"மோசல் பூரா தடுப்பணை, தீலோ. எந்த வெயிலுக்கும் அது எறங்காது. ரைன் கரையில பொறந்தவன், இது தெரியாதா உனக்கு?"

தெரியும். பைக் மறைச்சிருச்சு.

"அடித்தட்டு நெறைஞ்சிருச்சாம். அதே காசுக்கு மேல்தட்டு. பால்கனியோட."

"இது எப்போ தெரியும் உனக்கு?"

"நீ செலக்ட் பண்ண அன்னிக்கே விசாரிச்சேன். ரைன்ல தண்ணி இல்லன்னா மோசலுக்கு மாத்தித் தருவோம், அங்க பெரும்பாலும் மேல ரூம்தான் மிஞ்சும்னு டிக்கெட் போடுற கடைக்காரி சொன்னா. மேல ரூம நேரா கேட்டா நமக்குக் கட்டுப்படியாகுமா? அதான், தண்ணி எறங்கணும்னு வேண்டிக்கிட்டே இருந்தேன்."

"அப்போ பைக்..." வாய் தானா சொல்லிருச்சு.

"வெண்டலின் எல்லாத்தையும் சொன்னாரு. நீ தெனமும் போயி தடவித் தடவி, அவருக்கே அது மேல மறுபடி ஆசை வந்துருச்சாம். விக்கலியாம். மோசல் கரையோரமாவே ரோடு போகுதுல்ல? கப்பலுக்குப் பக்கத்துலயே ஓட்டிட்டு வராராம். பால்கனியில நின்னு கைய ஆட்டு."