குழலுக்குள் ஒரு பொட்டு ஈயமில்லை

“உலகத்துலயே எது ரொம்ப சுத்தமா இருக்கணும், சொல்லு பாப்போம்?” என்று கேட்டான் மெர்ல். எங்களுக்கு அப்போதுதான் நிச்சயமாகியிருந்தது. அவனுடைய பழைய ட்ரக்கில் உட்கார்ந்து ஆப்பிள் பை தின்றுகொண்டிருந்தோம்.

“மனசு?”

“அது இல்ல.”

“கல்யாணத்தன்னிக்கு நீ போடப்போற சட்டை?”

“துப்பாக்கிக் குழல், ஆர்லீன். உள்ள எட்டிப் பாத்தா கண்ணாடி மாதிரி இருக்கணும். ஒரு பொட்டு ஈயம் ஒட்டியிருந்தாலும் அத வெச்சிருக்கறவன் மனுஷனே இல்ல.”

அன்று நான் சிரித்தேன். வயது அப்படி. மனிதகுலம் நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்தது ஒரே நோக்கத்துக்காகத்தான் என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. நெருப்பு, ஈயத்தை உருக்க. சக்கரம், அந்த ஈயத்தைத் தர. கார்ச் சக்கரம் ஆடாமலிருக்க விளிம்பில் மாட்டும் ஈயக்கட்டிகளை டயர் கடைகளில் பொறுக்கி வந்து, உருக்கி, அச்சில் ஊற்றி, தன் குண்டைத் தானே வார்த்துக்கொள்ளும் மேன்மக்கள் எங்கள் வில்லோ ஹாலோ துப்பாக்கிக் கழகத்தார். பென்சில்வேனியாவில் கடையில் குண்டு வாங்குகிறவர்களும் உண்டு. அவர்களை நாங்கள் வீட்டுக்குள் விடுவோம், பேச்சுக்குள் விடமாட்டோம்.

வார்த்த குண்டுக்கு ஒரு குணம். சுடும்போது தன்னில் கொஞ்சத்தைக் குழலுக்குள் அப்பிவிட்டுப் போகும். அப்பிய ஈயம் சேரச் சேரக் குறி தப்பும். இந்தத் தேசிய ஆபத்தைச் சமாளிக்கக் கழகத்தில் ‘ஈயத் தடுப்புக் குழு’ என்று ஒன்று இயங்குகிறது. தலைவர் வெண்டல் கிராட்ஸ், காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஓய்வு பெற்றவர். என் கையெழுத்து அழகாக இருப்பதால் நான் எழுத்தர். எழுதலாம், பேசும் உரிமை கிடையாது.

“குண்டு குழலைவிட ஒரு மயிரிழை பெருத்திருக்கணும்,” என்று ஒவ்வொரு கூட்டத்தையும் வெண்டல் தொடங்கிவைப்பார். “சிறுத்துப்போச்சுன்னா சூட்டுக் காத்து ஓரமா பீறிட்டு ஈயத்தை உருக்கி அப்பிரும். இதை ஸ்கூல்ல சொல்லித்தரணும். என்னத்தையோ சொல்லித்தர்றாங்க.”

அதன்பின் விவாதம் அனல் பறக்கும். குண்டுக்குத் தடவும் தேன்மெழுகு இளகலாக இருக்கவேண்டுமா, இறுகலாகவா? ஈயத்தோடு வெள்ளீயம் எவ்வளவு சேர்க்கலாம்? ஒருமுறை இரண்டு உறுப்பினர்கள் இதற்காகவே பேச்சை நிறுத்திக்கொண்டு, தங்கள் பிள்ளைகளின் கல்யாணத்தில்கூட எதிரெதிர் மூலையில் உட்கார்ந்தார்கள். கொள்கைக்காக வாழ்கிறவர்களை நான் கண்ணால் கண்டது அங்கேதான்.

அவர்களிலும் உயர்ந்தவன் என் மெர்ல்.

“ஆர்லீன், அந்த செம்பு நார் எங்க?”

“பாத்திரம் தேய்க்கறதா?”

“அதேதான். பிரஷ்ஷுல சுத்தி குழல்ல விட்டுத் தேச்சா ஈயம் அப்படியே உரிஞ்சு வந்துரும்.”

“அது புதுசு, மெர்ல்.”

“தேச்சுட்டுத் திருப்பிக் குடுத்துர்றேன்.”

கொடுத்தும்விட்டான். தொட்டியோரம், பாத்திரச் சோப்புக்குப் பக்கத்தில், சாம்பல் நிறத்தில் அது வீற்றிருந்தது. சொன்ன சொல் தவறாதவன். நான்தான் அதைக் குப்பையில் போட்டேன்.

குண்டின்மேல் வண்ணப்பொடி பூசிச் சூட்டில் பதப்படுத்தினால் ஈயம் குழலைத் தொடவே தொடாது என்று குழு கண்டுபிடித்தபோது, ரொட்டி சுடும் எங்கள் சின்ன அடுப்பும் நாட்டுப்பணியில் சேர்ந்தது. ரொட்டிக்கென்று நான் வேறொன்று வாங்கிவந்தேன். மெர்ல் அதைச் சுற்றிவந்து பார்த்தான்.

“இதுல சூடு ஒரே சீரா இருக்கு, கண்ணு. குண்டுக்கு இது. ரொட்டிக்கு அந்தப் பழசு போதும்.”

இப்படிப்பட்ட தூய்மையாளனுக்கு இலையுதிர் காலத்தில் ஒரு சோதனை வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருள ஆரம்பித்தான். கை நடுங்கியது. குரலே உயர்த்தாதவன், காபி ஆறிவிட்டதென்று கோப்பையைச் சுவரில் எறிந்தான். எங்கள் திருமண நாளை மறந்தான், அது எல்லாக் கணவர்களும் செய்வதுதான். ஆனால், ஒரு மாலை வீட்டுக்குத் திரும்பும் வளைவையும் மறந்து, பால்பண்ணைச் சாலையில் ட்ரக்கை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான்தான் போய்க் கூட்டிவந்தேன். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

எனக்கு அவனிடம் கேட்க ஒன்று இருந்தது. நன்றித் திருநாளன்று வான்கோழியை அடுப்பில் வைத்துவிட்டு, அவன் ஈயம் உருக்கும் கொட்டகைக்குப் போனேன்.

“மெர்ல், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“குழலைப் பத்தியா?”

“இல்ல. உன்னப் பத்தி.”

“அப்ப அப்புறம் பேசிக்கலாம், கண்ணு. ஈயம் உருகிட்டிருக்கு.”

உருகிய ஈயத்தைக் காக்கவைப்பது முறையல்ல. மனைவி காத்திருப்பாள். கிறிஸ்துமஸுக்கும் காத்திருந்தேன். அன்று மெழுகு காய்ந்துகொண்டிருந்தது.

பனிக்காலப் போட்டியில், வருடாவருடம் கோப்பை தூக்கும் மெர்லின் குண்டுகள் இலக்குத் தாளின் நான்கு மூலைகளையும் விசாரித்துவிட்டுப் போயின. கழகம் கலங்கியது. அவசரக் கூட்டம் அழைக்கப்பட்டது.

கூட்டம் நிலவறையில் இருக்கும் சுடுகளத்திலேயே நடந்தது. மேசைமேல் டோனட் பெட்டி. துப்பாக்கி சுட்ட கையைக் கழுவாமலே டோனட் எடுப்பது எங்கள் கழக மரபு. சர்க்கரைத்தூள் எது, விரலில் உள்ள தூள் எது என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது, தின்பவர்களுக்கும் தெரியாது. காற்றில் புகை கட்டிநின்றது.

“அந்தப் புகைபோக்கி விசிறிய யாராவது போடுங்களேன்,” என்று இருமினாள் புதிதாகச் சேர்ந்த பெவ்.

“அது போன வருஷமே எரிஞ்சுபோச்சும்மா,” என்றார் வெண்டல்.

“அப்ப புதுசு வாங்கலையா?”

“காசு எடுத்து வெச்சோம். அப்புறம் யோசிச்சுப் பாத்தோம். விசிறி சுத்தினா இலக்குத் தாள் ஆடுது. அந்தக் காசுலதான் இதை வாங்கினோம்.” பெருமையோடு தூக்கிக் காட்டினார். கம்பி நுனியில் பொருத்திய குட்டிக் கேமரா. ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று அன்று எழுதியதும் இந்தக் கைதான்.

கேமரா மெர்லின் குழலுக்குள் நுழைந்தது. சுவரில் மாட்டிய டிவியில் குழலின் உட்புறம் விரிந்தது. புரி புரியாகச் சுழன்றோடும் எஃகு, ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயம் மாதிரி பளபளத்தது. சிலர் தொப்பியைக் கழற்றினார்கள்.

“என் குடலைக்கூட டாக்டர் இவ்வளவு தெளிவா பாத்ததில்லப்பா,” என்றார் வெண்டல்.

“ஒரு பொட்டு ஈயம் இருக்கா, பாருங்க,” என்றான் மெர்ல். பல மாதங்களுக்குப் பிறகு அவன் முகத்தில் சந்தோஷம்.

“இல்லப்பா. சத்தியமா இல்ல. ஆனா அதுதான் இடிக்குது. குழல்ல ஈயம் இல்லேன்னா குறி ஏன் தப்புது?”

“மெழுகா இருக்குமோ?”

“குண்டு சிறுத்துப்போச்சோ?”

“இன்னும் கொஞ்சம் தேச்சுப் பாக்கலாம்,” என்றது குழு.

மெர்ல் ஒரு டோனட்டை எடுத்தான். கை ஆடிய ஆட்டத்தில் சர்க்கரை குழலின்மேல் சிந்தியது. பதறிப்போய் அதை விரலால் ஒற்றி எடுத்தான். குழலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதி செய்துகொண்டான். பிறகு விரலை வாயில் வைத்துச் சப்பினான்.

நான் பேனாவை மூடினேன்.

“எழுத்தருக்குப் பேச உரிமை இல்லையே, ஆர்லீன்,” என்றார் வெண்டல்.

“அதையும் எழுதிக்கறேன், வெண்டல்,” என்றேன். மெர்லின் பக்கத்தில் போய் அந்த விரலை என் கைக்குள் பிடித்துக்கொண்டேன். டிவியில் குழல் மின்னிக்கொண்டிருந்தது.

“நாளைக்குக் காலைல என்கூட ஆஸ்பத்திரிக்கு வா, மெர்ல். உன் ரத்தத்தைப் பாக்கணும். இத்தனை வருஷமா எல்லாரும் சேந்து குழல்லேர்ந்து விரட்டின ஈயம் எங்க போய்க் குடியிருக்குன்னு எனக்குத் தெரியணும்.”