இருபத்தேழு டிகிரி சாதனை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, பிறகு நீண்ட ஓய்வில் என் கணவருக்காகக் காத்திருந்தது. மிகை என்பவர்கள் எங்கள் கார் ஷெட்டுக்கு வந்து பார்க்கலாம். அங்கே சுவரில் மின்சாரக் காருக்கான சார்ஜர் இருக்கிறது. அதில் உள்ளங்கை அகலத் திரை. திரையில் வோல்ட், ஆம்பியர், கிலோவாட், வெப்பம் என்று நான்கு எண்கள். எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் அவர்.

சாதாரண மனிதர்கள் காரில் ஒயரைச் செருகிவிட்டுத் தூங்கப் போகிறார்கள். பாவம், அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். என் கணவர் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு மேலாளர். எங்கே எண் தெரிந்தாலும் நின்று விசாரிக்காமல் நகர மாட்டார்.

“வோல்ட் இருநூத்தி முப்பத்தொண்ணு! தங்கமான வோல்ட்!” என்பார், சாப்பாட்டு மேஜையில்.

“சாப்பாடு ஆறுதுங்க.”

“ஆறட்டும். சூடு எதுக்குமே நல்லதில்ல.”

இப்படிப்பட்ட ஞானத்தை ஒரு வீட்டுக்குள் பூட்டி வைக்கலாமா? எதிர்வீட்டுப் பல் டாக்டரும் பக்கத்து வீட்டு இன்ஷூரன்ஸ்காரரும் சார்ஜர் வாங்கியதும், ‘வீட்டு சார்ஜர் அளவீட்டுப் புரிதல் மன்றம்’ உதயமானது. என் கணவர் தலைவர், டாக்டர் செயலாளர். உறுப்பினர்கள் அனைவரும் இன்ஷூரன்ஸ்காரர் ஒருவரே. ஞாயிறுதோறும் எங்கள் ஷெட்டில் கூட்டம். மூன்றாவது கூட்டத்தில் வரலாற்றுச் சிறப்புமிக்க கேள்வி எழுந்தது: யார் வீட்டுச் சார்ஜர் குளிர்ச்சியாக இருக்கிறது?

டாக்டருடையது நாற்பத்தொன்று. இன்ஷூரன்ஸ்காரருடையது முப்பத்தொன்பது. தலைவருடையது நாற்பத்து நான்கு.

“நாப்பத்து நாலுன்னா என் பேஷண்ட்டை அட்மிட்டே பண்ணிடுவேன்” என்றார் டாக்டர், அனுதாபத்துடன்.

அன்றிரவு என் கணவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் முப்பத்திரண்டு ஆம்பியரைப் பதினாறாகக் குறைத்தார். வெப்பம் முப்பத்தெட்டுக்கு இறங்கியது. பத்தாக்கினார்; முப்பத்தைந்து. ஆறாக்கினார், முப்பத்திரண்டு. முகத்தில் களை திரும்பியது. காரில் சார்ஜ் ஏறுவது நத்தை வேகத்துக்கு வந்துவிட்டது என்றேன்.

“நிதானமா ஏறினாத்தான் உடம்புல ஒட்டும்” என்றார்.

மகன் பிறக்கும்வரை நான் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். எங்களுக்கு அங்கே ஒரு பிற்போக்கான பழக்கம் இருந்தது. எண் விபரீதமாக இருந்தால் நோயாளியைப் போய்ப் பார்ப்போம். எண் அளவுக்கு மீறி அழகாக இருந்தாலும் போய்ப் பார்ப்போம். மன்றத்தின் உயரத்துக்கு இது எட்டாது என்பதால் சொல்லாமல் விட்டேன்.

எட்டு வருடம் கழித்து அதே வேலைக்கு இண்டர்வியூ வந்தது. அறுபது கிலோமீட்டர் தள்ளி, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. தாமதமாக வருவோருக்கு அனுமதி இல்லை. அடுத்த மாதத்தோடு எனக்கு வயது வரம்பு முடிகிறது. அதாவது, இதை விட்டால் அவ்வளவுதான். அவரிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும், “போயிடலாம், போயிடலாம்” என்று திரையைப் பார்த்தபடி தலையாட்டினார். எனக்குச் சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. பழைய வெள்ளைக் கோட்டை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தேன். யாரும் கொண்டுவரச் சொல்லவில்லை.

புதன்கிழமை மாலை டாக்டர் ஓடி வந்து, தன் சார்ஜர் இருபத்தொன்பதைத் தொட்டுவிட்டதாக அறிவித்தார். அவர் கார் மூன்று நாளாகப் பட்டறையில் கிடக்கிறது என்ற ‘சிறு விவரத்தை’ அவர் சொல்லவில்லை. என் கணவர் எழுந்தார். ஆம்பியரைப் பூஜ்யமாக்கினார்.

வியாழன் காலை எட்டு மணிக்கு காரில் ஏறினேன். ஒன்பது சதவீதம் என்று காட்டியது.

“ஏங்க! சார்ஜே ஏறலைங்க!”

“ஏறலையா? இங்க வா, வோல்ட்டைப் பாரு. இருநூத்தி முப்பத்தொண்ணு. ஆடல, அசையல.”

“ஆம்பியர் பூஜ்யம்னு போட்டிருக்கே!”

“அதான் அழகே! துளி சேதாரம் இல்ல. வெப்பம் இருபத்தேழு. ஊர்லயே யாரும் தொட்டதில்ல.”

“கார்ல ஒன்பது பர்சென்ட்தாங்க இருக்கு!”

“அது கார் சொல்ற கணக்கு. என் பொறுப்பு சார்ஜர் வரைக்கும்தான்.”

வாதாட நேரமில்லை. டாக்ஸி கிடைக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் தெருமுனை திரும்பும்போது அவர் திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது மணி பத்து இருபது. காவலாளி நல்லவர். “உள்ள ஆரம்பிச்சிட்டாங்கம்மா” என்று மட்டும் சொல்லி, உட்கார நாற்காலி போட்டார். உட்கார்ந்து அழுதேன்.

மாலையில் அவசரக் கூட்டம். இருபத்தேழுக்காகத் தலைவருக்குப் பாராட்டுத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. டாக்டர் பெருந்தன்மையுடன் கை குலுக்கினார். இன்ஷூரன்ஸ்காரர் மட்டும் என் முகத்தைக் கவனித்தார்.

“ஏன் தங்கச்சி ஒரு மாதிரி இருக்கே?”

“காலைல இண்டர்வியூங்கண்ணே. கார் கிளம்பல. எல்லாம் போச்சு.”

என் கணவர் நாற்காலியைத் திருப்பி, உண்மையான அக்கறையோடு கேட்டார்:

“இண்டர்வியூவா? யாருக்கு?”

அவரைக் குறை சொல்லும் உரிமை எனக்கு இல்லை. கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அவர் என்னை ஒரு தடவைகூடத் தவறாகப் புரிந்துகொண்டதில்லை. அதற்கு ஒரு தடவையாவது என் பக்கம் பார்த்திருக்க வேண்டுமே!