ஒரு சொட்டு ஒழுகாத படகு

கப்பலோட்டுவது என்று முடிவெடுத்தேன். எழுபத்து நாலாம் வருஷம் அது. எனக்கு வயது முப்பத்தெட்டு. உப்புக் கம்பெனியில் டைப்பிஸ்ட். பிறந்தது தூத்துக்குடி. ஆனால் கடலில் கணுக்கால் நனைத்ததோடு சரி.

காரணம் என் மச்சினன் கிருபை. ஒரு கல்யாண விருந்தில் பந்தி முழுக்கக் கேட்கும்படி, "அத்தானுக்குக் கரையில நின்னாலே தலை சுத்தும்" என்று சொல்லிவிட்டான். கரையிலிருந்து தெரிகிற முயல் தீவு வரை தனியாகப் படகில் போய் வந்து காட்டுகிறேன் என்று நானும் சொல்லிவிட்டேன்.

துறைமுகத்தில் பழைய சாமான் ஏலம் வந்தது. ஏதோ கப்பலில் கழித்துப் போட்ட பன்னிரண்டடி அலுமினியப் படகு. ஏலத்தில் எடுத்து, மாட்டு வண்டியில் ஏற்றி வந்து முற்றத்தில் இறக்கினேன். என் மனைவி பிலோமினா அதைச் சுற்றி வந்தாள்.

"என்னதுங்க இது?"

"படகு."

"நான் சல்லடைன்னுல்லா நெனச்சேன்."

"பழைய படகு. ரிவிட்டு வழியா ஒழுகத்தான் செய்யும். ஓட்டணும்னா மொதல்ல ஓட்டையை ஒட்டணும்."

"ஒட்டிட்டு ஓட்டுங்க. ஓட்டிட்டு ஒட்டாதிய."

பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற காசிலிங்கத்தைக் கூட்டி வந்தேன். அவன் தட்டிப் பார்த்துவிட்டு, "அலுமினியத்துல ஈயம் பிடிக்காது அண்ணாச்சி. ரிவிட்ட அடிச்சு இறுக்குங்க" என்று போய்விட்டான். படகில் முந்நூறு ரிவிட்டு. ஒழுகுவது எது?

"கடல்ல வச்சுத் தேடுனா முங்கிருவிய" என்றாள் பிலோமி. "உள்ள தண்ணிய ஊத்துங்க. எங்கன வெளிய சொட்டுதோ, அங்கன ஓட்டை."

பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக அவள் மூளையை மெச்சினேன். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர் வரும். சேர்த்துவைத்த தண்ணீரை முணுமுணுக்காமல் தந்தாள். அங்கேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

படகுக்கு அடியில் படுத்து, கரித்துண்டால் குறி போட்டாள். நாற்பத்தோரு ஓட்டை. நான் உள்ளேயிருந்து சுத்தியலால் அடிக்க, அவள் வெளியே இரும்புக் கட்டியை அண்டக்கொடுத்தாள்.

பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய் எட்டிப் பார்த்தாள். "என்ன சத்தம் மதினி?"

"எங்க வீட்டுக்காரரு கடலுக்குப் போறாக."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதற்கப்புறம் இரண்டு அடி கட்டைவிரலில் விழுந்ததுகூட வலிக்கவில்லை.

மூன்றாம் வாரம் நாலு ஓட்டைதான் பாக்கி. "போதும். வார தண்ணிய டப்பாவால கோரிக் கொட்டிக்கிடுவேன்" என்றேன்.

"நாலு ஓட்டையோட உங்கள அனுப்பிட்டு நான் இங்கன நிம்மதியா இருப்பேனா?"

கண் கலங்கியிருந்தது. நான் உருகிவிட்டேன். சைக்கிள் டியூபை வெட்டி வைத்து, புது ரிவிட்டு அடித்து, வெளிப்பக்கம் தார் பூசினேன். சொட்டு நின்றது. படகு ஆடினால் சொட்டுவது சரியாகத் தெரியாது என்றாள். அடியில் பனந்தடி கொடுத்து மட்டம் பார்த்தேன். சனிக்கிழமை, உள்ளே சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாள்.

"கடலுக்குப் போற படகுக்கு எதுக்குளா சோப்பு?"

"நாளைக்கு என் தம்பி பாக்க வாரான். அழுக்காவா காட்டுவிய?"

நியாயம்தான். கழுவினேன்.

மறுநாள் முதல் பூசை முடிந்ததும் மீன்பிடிக்காரர்கள் இருக்கிற திரேஸ்புரம் போய், படகு தூக்க ஆறு பேரைக் கூட்டி வந்தேன். முற்றத்தில் குடங்களோடு தெருவே நின்றது. படகு விளிம்பு வரை தண்ணீர். மேலே பாதிக்கு ஓலைத் தட்டி.

"என்னளா இது?"

"குழாய் மாத்துதாகளாம். காலையில வந்த கடைசித் தண்ணிய எல்லாருஞ் சேந்து இதுல ரொப்பிட்டோம். இனி பத்து நாளைக்குத் தண்ணி கிடையாது. தமுக்கடிச்சுச் சொல்லிட்டுப் போனாம்லா."

"எப்ப?"

"நீங்க ஏலத்துக்குப் போன அன்னைக்கு."

ஆறு பேரைப் பார்த்து, "கொட்டிட்டுத் தூக்குங்கலே" என்றேன். ஒருத்தரும் அசையவில்லை.

"கொட்டுங்க அண்ணாச்சி" என்று குடத்தை நீட்டினாள் பேச்சித்தாய். "இதுல கொட்டுங்க."

அந்த நேரம் பார்த்து கிருபை வந்தான். குனிந்து படகுக்கு அடியில் தடவிப் பார்த்தான்.

"ஒரு சொட்டு இல்ல அத்தான். நல்ல வேலை."

அவன் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

"கடல் எங்கயும் போயிராதுங்க" என்றாள் பிலோமி.

பத்து நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்தது. அன்றைக்கு நான் படகில் இறங்கினேன்.

பாசி தேய்க்க.